விதிகளை அச்சடித்துத் தராதீர்கள், கேட்க விடுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் மீன்வரத்துக் கணக்கெடுத்து ஆராயும் அனைவருக்கும்,

வணக்கம். எந்தப் படகு, என்ன வலை, எத்தனை கிலோ என்று கரையில் நின்று எழுதிப் போகிறீர்கள். நல்ல வேலை. அந்தக் கணக்கை டேட்டா மைனிங்கில், அதாவது குவிந்த தரவில் ஒளிந்திருக்கும் தொடர்புகளைக் கம்ப்யூட்டரால் தேடும் முறையில் போட்டு, ‘இது இருந்தால் அது வரும்’ என்று கிடைக்கிற விதிகளில் பட்டியலின் தலைப்பக்கம் நிற்கும் சிலவற்றை அச்சடித்துக் கூட்டத்தில் கொடுக்கிறீர்கள். மீதி விதிகள் எங்கே போகின்றன?

விதிகள் ஏராளமாகக் கொட்டும் என்பது தெரியாமல் கேட்கவில்லை. 1993-ல் அகர்வால், இமிலின்ஸ்கி, ஸ்வாமி மூவரும் கடை பில்களை வைத்து இந்த முறையை முன்வைத்தார்கள். அதன்படி ஆறே பொருள் இருந்தாலும் 602 விதிகளுக்கு இடமுண்டு. பத்து என்றால் 57,002. நகரை, சூடை, காரல், நண்டு, கணவாய் என்று எழுத ஆரம்பித்தாலே நமக்குப் பத்து தாண்டிவிடும். அப்புறம் காற்று, வலை, மாதம் வேறு. யாராவது வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அடிக்கடி வருவதையும் தவறாமல் பலிப்பதையும் மட்டும் வைத்து வடிகட்டினால் என்ன மிஞ்சும்? ‘ராமேஸ்வரம் விசைப்படகு என்றால் புறப்பாடு திங்கள், புதன், சனி.’ ‘மே மாதம் என்றால் விசைப்படகு இல்லை.’ இரண்டும் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு பலிக்கும். முதலாவது நாமே வைத்துக்கொண்ட முறை. இரண்டாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை. இதைச் சொல்ல கம்ப்யூட்டர் எதற்கு? வலையில் எப்போதோ சிக்கும் ஆவுளியா (கடல் பசு) மட்டும் எண்ணிக்கை குறைவு என்று முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். அது எந்த வலையில், எந்த மாதம் சிக்குகிறது என்பதுதானே உங்களுக்கும் எங்களுக்கும் அவசரமாகத் தெரிய வேண்டியது!

இதற்கு வழி புதிதில்லை. எடுத்த விதிகளையே ஒரு தரவுத்தளத்தில் வைத்து, அவற்றிடம் கேள்வி கேட்கும் மொழிகள் 1990-களிலேயே வந்துவிட்டன. இமிலின்ஸ்கியும் விர்மானியும் அமைத்த எம்எஸ்கியூஎல் மொழியில், தரவிலிருந்து விதி எடுக்க ‘கெட்ரூல்ஸ்’, எடுத்து வைத்ததில் தேட ‘செலக்ட்ரூல்ஸ்’ என்று தனித்தனி கட்டளைகள். விதியின் முடிவுப் பகுதியில் நண்டு வரணும், நிபந்தனைப் பகுதியில் வாடைக்காற்று இருக்கணும், கிழமை இருக்கவே கூடாது என்று கேட்கலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று: ஒரு விதியை மீறிய பதிவுகளை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். எல்லோருக்கும் நண்டு பட்ட அன்று யாருக்குப் படவில்லை, அவர் எந்தப் பக்கம் வலை விட்டார்? படகு வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டியைக் கேட்டாலும் அவருக்கு வேண்டியது இந்தப் பட்டியல்தான்.

2002-ல் துஜிலினும் பிங் லியூவும் ரூல்-கியூஎல் என்ற மொழியை முன்வைத்தார்கள். அது பல விதித் தொகுப்புகளைச் சேர்த்து வைத்துக் கேட்பதற்கு. நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வடகடலில் (பாக் நீரிணை) பலித்து தென்கடலில் (மன்னார் வளைகுடா) பலிக்காத விதி எது? போன வருடம் இருந்து இந்த வருடம் காணாமல் போனது எது? இரண்டு கடலையும் ஒரே குவியலாக்கி விதி எடுத்தால் இந்தக் கேள்விக்கு வழியே இருக்காது. பாம்பன் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தவர் யாரும் அப்படிக் குவிக்க மாட்டார்கள்.

ஆகவே எல்லா விதிகளையும் வைத்திருங்கள். ஒவ்வொன்றோடும் அது எத்தனை பதிவில் நின்றது, எத்தனை பங்கு பலித்தது, எந்தக் கடல், எந்த வருடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படகுக்காரர் பெயரை எடுத்துவிடுங்கள். யார் எங்கே பிடிக்கிறார் என்பது வியாபாரிக்குப் போய்ச் சேர வேண்டாம். கேள்வி மொழியை எங்கள் ஆட்கள் எல்லாரும் படிக்கணும் என்றில்லை, காற்று, வலை, மீன், மாதம் என்று தமிழில் தேர்ந்தெடுக்கிற ஒரு திரை இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தைத் தங்கச்சிமடத்தில் வைத்தாலும் தொண்டியில் வைத்தாலும் வருகிறோம். தாளுக்குப் பதில் அந்தத் திரையைக் கொண்டுவாருங்கள். முதல் கேள்வி ஆவுளியாவைப் பற்றி.

இப்படிக்கு,
தரவுத்தள வேலை பார்க்கும் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை