கரண்ட் போன மாலைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன ஞாயிறு தில்லைநகர் மாடி ஹாலில் ஆங்கிலப் பாடகரும் டிரம்மருமான ஃபில் காலின்ஸின் ‘ஃபேஸ் வேல்யூ’ இசைத்தட்டை முழுசாகக் கேட்டோம். நாற்பது நாற்காலி போட்டுவிட்டு, பாதியாவது நிறையுமா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. வந்தவர்களுக்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். இது, அதற்கு முன்னால் ஓடியாடியவர்களுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சரி, போடவில்லை.

முதலில், தட்டைக் கொடுத்த ஐயா. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம். “ஓரத்தை மட்டும் பிடிக்கணும், மேலே விரல் படக்கூடாது” என்று மூன்று தடவை சொல்லித்தான் கையில் கொடுத்தார். உறையை அவர் வீட்டில்தான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க காலின்ஸின் முகம். உள்ளே இருக்கும் விவரங்களெல்லாம் அவருடைய சொந்தக் கையெழுத்து. ‘ஜெனிஸிஸ்’ ராக் குழுவுக்கு 1970இல் டிரம்மராக வந்தவர், 1975இல் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகிய பிறகு முதன்மைப் பாடகராகவும் ஆனார். முதல் திருமணம் முறிந்த நாட்களில் வீட்டிலேயே எட்டு டிராக் மெஷினில் பதிந்து வைத்த பாட்டுகள்தான் 1981 பிப்ரவரியில் இந்தத் தனி ஆல்பமாக வந்தன. தனி ஆல்பம் என்றுதான் பெயர். ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவோடு வாசித்த ஃபீனிக்ஸ் ஹார்ன்ஸ் என்ற ஊதுகருவிக் கலைஞர்கள், கிடாரில் எரிக் கிளாப்டன், சாக்ஸஃபோனில் ரோனி ஸ்காட் என்று ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் எல். சங்கர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன வயலின் டீச்சருக்குத் தனி நன்றி. கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவின் அதே சங்கர். மெட்ராஸில் பிறந்தவர், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘இன் தி ஏர் டுநைட்’டிலேயே அவருடைய வயலின் உண்டு. எனக்கு அது இருபது வருஷமாகக் காதில் விழவில்லை. டீச்சர் விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் விழுந்தது. இனி விழாமல் இருக்காது.

அப்புறம் டிரம்ஸ் தம்பி. காலின்ஸின் அந்த முரட்டு டிரம் சத்தம் எப்படி வந்தது என்று நான் மைக்கில் விளக்கியிருந்தால் பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். தம்பி வாசித்தே காட்டினான். கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, பேச்சு கேட்பதற்காக மாட்டியிருந்த மைக்கை இன்ஜினியர் ஹியூ பட்ஜம் திறந்துவிட்டார். மெல்லிய சத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும் கம்ப்ரஸர் அதில் இருந்ததால் டிரம்ஸ் இடி மாதிரி கேட்டது. அந்த முழக்கம் தானாக அடங்குவதற்குள், சத்தத்தைச் சட்டென்று நிறுத்தும் ‘கேட்’ என்ற கருவியைப் போட்டு வெட்டினார்கள். அதே சத்தத்தைத்தான் காலின்ஸ் இந்த ஆல்பத்துக்கும் கொண்டுவந்தார். இதற்காகத் தம்பி எங்கள் மாடிப்படிக்கட்டில் ஸ்னேர் டிரம்மை வைத்து இரண்டு நாள் ஒத்திகை பார்த்தான். பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு மாமிக்கும் நன்றி. மூன்றாம் நாளும் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

இனி கரண்ட் விஷயம். ‘இன் தி ஏர் டுநைட்’ முதலில் ரிதம் மெஷினின் டிக்டிக் சத்தத்தோடு ஊர்ந்து போகும். டிரம்ஸ் வந்து விழ மூன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. தட்டு இழுத்துக்கொண்டே நின்றது. ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. அந்த இருட்டில் டிரம்ஸ் தம்பி டாம்-டாம் டிரம்களில் அந்த அடியை இறக்கினான். ஹாலே எழுந்து கத்தியது. ஓர் அடி தப்பு என்று பிறகு அவனே சொன்னான். யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு! காலின்ஸ் வாசித்ததைவிட எனக்கு அதுதான் பிடித்தது. சத்தியமாக.

கேட்காமலே ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த கீழ்க்கடை ஜூஸ் அண்ணனுக்கும், ரெக்கார்ட் பிளேயருக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பெல்ட் காசை மட்டும் வாங்கிக்கொண்ட மெக்கானிக்குக்கும் நன்றி. நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றாமல் நின்ற ஒருவனைப் பற்றித்தான் காலின்ஸ் அந்தப் பாட்டை எழுதினார் என்ற கதை உண்மையா என்று கேட்ட கல்லூரித் தம்பிக்கும் நன்றி. அது வெறும் கட்டுக்கதை என்று மைக்கில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

ஐயா, தட்டு பத்திரமாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன். ஓரத்தை மட்டும்தான் பிடித்திருக்கிறேன். ஹாலில் ஒரு கறுப்புக் குடையும் எவர்சில்வர் டிபன் டப்பாவும் கிடக்கின்றன. ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.