ஆச்சி கையிலும் சுவிட்ச் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு விளக்கையும் மோட்டாரையும் கைப்பேசியில் இயக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரமான கட்டுரைதான், ஆனால் அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காரைக்குடி வட்டாரத்தில் 26 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்பவன் நான். எங்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்காகச் சில வார்த்தைகள்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. 78 வயது ஆச்சி மட்டும் இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். விடுமுறைக்கு வந்தவர் கைப்பேசியில் இயங்கும் பல்புகளை மாட்டிவிட்டுப் போனார். ஆச்சியோ படுக்கும்போது சுவரில் உள்ள கறுப்புச் சுவிட்சைத் தட்டி அணைப்பார். ஐம்பது வருடப் பழக்கம். சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது. கைப்பேசியில் 'தொடர்பில் இல்லை' என்று வரும். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் அங்கே பதினொன்றரை. மகன் பதறிப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்ய, அவர்கள் வந்து கதவைத் தட்ட, ஆச்சி நடுங்கிப்போனார். சுவிட்சைத் தொடாதபடி அதன்மேல் டேப் ஒட்டச் சொல்லி மகன் என்னை அனுப்பினார். "என் வீட்டு விளக்கை நான் அணைக்கக் கூடாதா தம்பி?" என்று ஆச்சி கேட்டார்.

நான் ஒட்டவில்லை. சாதாரண பல்பை மாட்டி, கைப்பேசிக்கும் கட்டுப்படும் சிறிய மின்சுவிட்சான ரிலே ஒன்றை வைத்தேன். இதில் சுவர்ச் சுவிட்சும் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும். ரிலேக்கு நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, வேண்டும். பழைய வயரிங்கில் சுவிட்சு வரை நியூட்ரல் இறங்கி வராது. அதற்காக முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சை யாரும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அந்த வழவழப்பை மறுபடி கொண்டுவரக் கொத்தனார் கிடைப்பது அரிது. மேலே ஜங்ஷன் பெட்டியில் நியூட்ரல் இருக்கிறது. ரிலேயை அங்கேயே வைக்கலாம்.

அடுத்தது சிக்னல். முகப்பில் வைத்த வைஃபை, இரண்டடிச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு, அதாவது வீட்டின் அடுத்த பகுதிக்கு, போகாது. வளவை, அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்தை, பார்த்தபடி வைத்தால் வெட்டவெளி வழியே ஓரளவு போகும். வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற வேறு வகை ரேடியோ சிக்னலில் பேசும் கருவிகள் இன்னும் நல்லது. பேட்டரியில் அல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெரும்பாலான ஜிக்பீ கருவிகள் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். கட்டுக்கு ஒரு ஜிக்பீ பிளக் வைத்தால் அடுப்படி வரை எட்டிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, இதையெல்லாம் இயக்கும் மூளை எங்கே இருக்கிறது என்பதை. பல கருவிகள் கண்காணாத தேசத்தில் உள்ள நிறுவனக் கணினியான சர்வரைக் கேட்டுத்தான் விளக்கைப் போடுகின்றன. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் திடீரென்று சர்வரை நிறுத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் செயலிகள் செயலற்றுப் போயின. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவில் நடத்திய ரங்கூன் கடையில், முதலாளி சார்பில் கடையை நடத்திய மேலாள் அங்கேயே உட்கார்ந்து வரவு செலவு பார்த்தார். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊருக்கு எழுதி உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதுபோல வீட்டுக்குள்ளேயே ஒரு கணினி இருக்க வேண்டும். அந்தக் கணினியில் கருவிகளை இயக்க, 2013 முதல் வளர்ந்துவரும் 'ஹோம் அசிஸ்டென்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். வெளி சர்வரை நம்பாத கருவிகள் என்றால், இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் எல்லாம் நடக்கும். வெளியூரிலிருந்து பார்ப்பது மட்டும் நிற்கும். புதிதாக வாங்குபவர்கள், வெவ்வேறு நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவாக 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' தரம் உள்ள கருவிகளைக் கேட்டு வாங்கலாம். அவை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

கடவுச்சொல் ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது. பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால், சாவிக்கொத்து யாரிடம் என்று பேசி வைப்பதுபோல இதையும் பேசி, ஒரு நோட்டில் எழுதி வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டும். அந்த வீட்டு நோட்டு ஆச்சியின் அலமாரியில் இருக்கிறது.

இப்போதும் ஒன்பது மணிக்கு ஆச்சி அதே கறுப்புச் சுவிட்சைத்தான் தட்டுகிறார். கைப்பேசியில் 'அணைந்தது' என்று வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் தானும் படுக்கப் போவதாக மகன் போனில் சொன்னார்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
காரைக்குடி