நாலாவது கம்பி ஏன் தொளதொளக்கிறது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். விரல் நன்றாகவே ஓடுகிறது. கோளாறு கிடாரில்.

நீ வாசித்திருக்கும், அமெரிக்கன் ஃபுட்பால் இசைக்குழுவின் ‘நெவர் மென்ட்’ பாட்டுக்குத் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று சுருதி வைக்க வேண்டும். ஐந்து, மூன்று, ஒன்றாம் கம்பிகளைத் தொடாதே. முதலில் நாலாவதை வழக்கமான டி-யிலிருந்து சி-க்கு இறக்கு. சி-யையும் தாண்டிக் கீழே போய், பிறகு மேலேற்றி நிறுத்து. இறக்கின கையோடு விட்டால் நட்டிலும் (கழுத்தின் தலைப்பில் கம்பிகள் தங்கும் பள்ளப் பட்டை) முடுக்கியிலும் தங்கின தொய்வு வாசிக்க வாசிக்க நழுவும். அடுத்து ஆறாவதையும் இரண்டாவதையும் அரைச்சுரம் ஏற்று. இழுவிசை 12 சதவீதம் கூடும். துருப்பிடித்த பழைய கம்பி என்றால் அங்கேதான் அறும். நாலாவதிலோ 20 சதவீதம் குறைகிறது. அதனால்தான் நீ ஓங்கி மீட்டும்போது சுரம் முதலில் மேலே எகிறி, அப்புறம் இறங்குகிறது. 10-46 செட்டில் (எண்கள் கம்பியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 26-ஆக இருக்கும் அந்தக் கம்பியை 28-ஆக மாற்று. உன் கிடாரில் ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) இருந்தால் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் நகரும்; இரண்டு மூன்று சுற்று வர வேண்டியிருக்கும்.

இனி எதையும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் வருடிப் பார். எஃப் மேஜர் நைன்த் என்ற கார்டு கேட்கும். பாதி ஏக்கம் சுருதியிலேயே இருக்கிறது.

எமோ என்ற உணர்ச்சி பொங்கும் ராக் இசை என்றாலே தொண்டை கிழியக் கத்துவது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பாலைக் கேட்கக் கொடுக்க வேண்டும். இலினாய் மாநிலத்து அர்பானாவில் மூன்று கல்லூரிப் பையன்கள்: மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லமோஸ். 1999-இல் பாலிவினைல் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது; அப்போதைக்கு அந்த ஒரே ஆல்பம்தான், ஒன்பது பாட்டு. வெளிவந்த கையோடு பிரிந்துவிட்டார்கள். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் அந்த ஆல்பத்தின் மறுவெளியீடு வந்தபோதுதான் திரும்பச் சேர்ந்தார்கள். பின்னால் வந்த ஆல்பங்களும் மோசமில்லை, ஆனால் நான் முதலாவதற்குத்தான் திரும்பிப் போவேன். டிரம்ஸ் வாசிக்கும் லமோஸே டிரம்பெட்டும் ஊதுகிறார்! ‘ஸ்டே ஹோம்’ எட்டு நிமிடம் ஓடும். பாடும் வரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உன் பதிவில் இன்னொன்றும் இடிக்கிறது. எக்கோ, ரிவெர்ப் என்று ஒலியை மாற்றும் பெடலைக் கூட்டிக்கொண்டே போகிறாய். அந்த ஆல்பத்தின் நிறைவு பெடலில் இல்லை. அங்கே இரண்டு கிடார். ஒன்று விடும் இடைவெளியில் மற்றது நுழைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முட்டினால் சேறாகிவிடும். நீ இரண்டு பேர் வாசிப்பதை ஒற்றைக் கையில் அள்ளப் பார்க்கிறாய், அதில் தாளம் தடுக்குகிறது. பெடலை எல்லாம் அணை. ஆம்பில் டிஸ்டார்ஷன் வேண்டாம். ஒரு கிடாரின் பகுதியை மட்டும் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பாதி வேகத்தில் வாசித்துப் பதிந்து, அதன் மேல் மற்றதை வாசி. விடுதியில் கிடார் வைத்திருக்கும் யாராவது அகப்பட்டால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் ஒரு 28 வாங்கிவிடு.

அன்புடன்,
அப்பா