மேடையில் சொல்ல முடியாமல் போன நன்றிகள்

பிரிவு உபசார விழாவில் நன்றியுரைக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். முதல்வர், துறைத்தலைவர், பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சாமியானா போட்டவர் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் நன்றி உண்டு, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அரசியல், சமூகம் என்று பாடத்தில் வருவதெல்லாம் எங்கள் ஊர் விஷயம்தான் என்று வரலாறு படித்த இந்த மூன்று வருடத்தில் எங்களுக்குப் புரிய வைத்தவர்களில் பாதிப் பேர் அந்த மேடைப் பக்கமே வராதவர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் கௌரவ விரிவுரையாளர் சாருக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அரசியலமைப்புப் பாடத்தை நோட்ஸ் சொல்லி எழுத வைத்தே அவர் முடித்திருக்கலாம், தேர்வுக்கு அது போதும். 61-வது திருத்தத்தால் 1989-ல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது என்று ஒரு வரி வரும் இல்லையா, அந்த வரியில் நிறுத்தி, "சரி, இங்க எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கு, கையத் தூக்குங்க" என்றார். வகுப்பில் பாதிக் கைகூட எழவில்லை. அடுத்த வாரம், வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவத்தோடு வந்துவிட்டார். 17 வயது முடிந்திருந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பது எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாணவர்களை இப்படி ஓட்டுப் பட்டியலில் ஏற்றிவிட்டவருக்குச் சம்பளம் தொகுப்பூதியம், அதுவும் சில மாதம் தள்ளித்தான் வரும். அதைப் பற்றி வகுப்பில் அவர் வாயைத் திறந்ததே இல்லை, நாங்களாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

வெள்ளிக்கிழமை விவாதம் அவர் ஆரம்பித்ததுதான். அதற்கு ஒரே ஒரு விதி. கட்சிப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் உன் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பள்ளிக்கூடமாக இருக்கலாம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை, எதுவாகவும் இருக்கலாம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் நன்றாகப் பேசுகிறவர்கள் பலர் இதில் திணறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். டிவி விவாதம் மாதிரி கத்துகிறவனிடம் "உங்க ஊரச் சொல்லு" என்றால் போதும், குரல் தானாக இறங்கிவிடும்.

இடம்தான் பிரச்சினை. முதல் ஷிப்டு முடிந்த உடனே இரண்டாம் ஷிப்டு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், எழுந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். பின்பக்கம் உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து, சாவியையும் எங்களிடமே கொடுத்த வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி. அவரும் வாசல்படியில் உட்கார்ந்து கேட்பார். ஒருமுறை பேரிடர் மேலாண்மை பற்றிப் பேச்சு போனபோது, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் தன் தென்னந்தோப்பு எப்படிக் கிடந்தது, நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு எங்கெல்லாம் அலைந்தார் என்று அவர் சொல்லச் சொல்ல, சார் பாடம் நடத்துவதை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

காவிரி விவாதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் கர்நாடகாவைத் திட்டுவதற்குத் தயாராக வந்திருந்தோம். நடுவர் மன்றம் 2007-ல் நமக்குத் திறந்துவிடச் சொன்னது 192 டிஎம்சி, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை 177.25 ஆகக் குறைத்தது, அப்படிக் குறைத்ததில் 10 டிஎம்சி டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால் என்று சார் போர்டில் எழுதினார். ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனையான முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் தோழி எழுந்தாள். "எங்க ஊர்ல போர் போட்டா உப்புத் தண்ணிதான் சார் வருது. அந்தப் பத்து டிஎம்சி எங்க இருக்குன்னு யாராச்சும் காட்டுங்க, குடத்த எடுத்துக்கிட்டு வர்றேன்." எல்லாரும் கை தட்டினோம். அவள் உட்காரவில்லை. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு இருக்கிற நீடாமங்கலம் பக்கத்துப் பையன்களைத் திரும்பிப் பார்த்து, "மேட்டூர்ல திறந்த தண்ணி மூணாறு தலைப்பு வரைக்கும் வந்துருது. அங்கேருந்து எங்களுக்கு வர்றதுக்குத்தான் நாள் கணக்காவுது, ராத்திரியில மதகுல யார் கைவைக்கிறான்னு நீங்க சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், மாநிலத் தகராறு மாவட்டத்துக்குள் வந்துவிட்டது.

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன பையன் அடுத்த வெள்ளிக்கிழமை தன் அப்பாவையே அழைத்துவந்தான். அந்த ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. குறுவை வேலையைப் போட்டுவிட்டு வந்து, மதகு பார்க்க ஊருக்கு ஊர் லஸ்கர் இருந்த காலத்தையும், இப்போது ஒரே ஆள் சைக்கிளில் எத்தனை மதகுக்கு ஓடுகிறார் என்பதையும், தூர்வாராத வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் ஏறாது என்பதையும் சாக்பீஸ் எடுத்துப் படம் போட்டே காட்டினார். "கடைமடப் புள்ள கேட்டது நியாயந்தான், ஆனா எங்க வயலும் காஞ்சுதானே கெடக்கு தம்பி" என்று அவர் சொன்னதற்கு எங்கள் யாரிடமும் தயாராகப் பதில் இல்லை. பங்கீடு பற்றி நான் படித்த எந்த அத்தியாயத்தையும்விட எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மனதில் நிற்கிறது.

அப்புறம், எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பாயி. கீழவெண்மணியைப் பற்றிப் படித்திருந்தோம், 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட தகராறில் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேர், பிறகு உயர் நீதிமன்றத்தில் மிராசுதார்களுக்குக் கிடைத்த விடுதலை, எல்லாம் ஐந்து மதிப்பெண் வினாவாகத் தெரியும். அப்பாயி அந்தக் காலத்தில் நடவுக்குப் போனவர். தீயைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றார். நெல் அளந்த மரக்காலைப் பற்றிச் சொன்னார். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று அவர் வேலை பார்த்த பண்ணையில் இரண்டு மரக்கால் இருக்குமாம். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "காலேசுல எல்லாரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்புடுறீங்க?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பு ஊர் ஊராகப் பிரியும், பிறகு ஊருக்குள் தெருத் தெருவாகப் பிரியும். தென்மாவட்டங்களில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு உச்சுக்கொட்டுவோம், இங்கே கயிறு எதற்கு, தெருப் பெயரைச் சொன்னால் போதாதா. அதற்கப்புறம் சாப்பிடும் இடம் கொஞ்சம் கலைந்தது. முழுசாக மாறிவிட்டது என்று எழுதினால் பொய்.

முதலாம் ஆண்டில், அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்களை உட்கார விட்ட ஊராட்சித் தலைவர் அக்காவுக்கும் நன்றி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று படித்துவிட்டுப் போனோம், நாற்காலியில் வீட்டுக்காரர்தான் இருப்பார் என்று கேலியும் பேசிக்கொண்டே போனோம். அவரை அக்கா பின்னால் ஜமுக்காளத்தில் உட்கார வைத்திருந்தார். வரவு செலவு அறிக்கையைக் கையில் கொடுத்து, "கேள்வி கேளுங்க, யாரும் கேக்குறதில்ல" என்றார். கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய 100 பேரைச் சேர்க்கவே படாத பாடு பட வேண்டியிருக்கிறது என்றும், வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் என்றும் அவர் சொன்னதை அப்படியே ஒப்படைப்பில் எழுதினேன்.

இதற்கெல்லாம் எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கல்லூரிக்குள் அரசியல் பேசுகிறார்கள் என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். வரலாறு படிக்கிற பிள்ளைகள் வேறு எதைப் பேசுவார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூட்டம் நின்றுபோக இருந்த நேரத்தில், "பேர மாத்துங்கடி, வேற எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லி, பதிவேட்டில் "வாசிப்பு வட்டம்" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்ட தமிழ்த்துறை மேடத்துக்கு எங்கள் வகுப்பே கடன்பட்டிருக்கிறது.

இன்னும் சிலர். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டே, மூட்டைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள் என ஊர் பேசுவதன் மறுபக்கத்தை, தங்கள் கூலிக் கணக்கை, மறைக்காமல் சொன்ன சுமைதூக்கும் அண்ணன்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஓடிவருவதைப் பார்த்தால் விசில் அடிக்காமல் நிற்கும் டவுன் பஸ் கண்டக்டருக்கு (அந்தப் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்காமல் போய்வர முடியாமல் இருந்தால் எங்களில் சில பெண்கள் முதல் செமஸ்டரோடு நின்றிருப்போம்). பக்கத்துக்கு அம்பது பைசா குறைத்துப் போட்ட ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு.

தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல்: விவாதக் குறிப்பு நோட்டுகள் எல்லாம் ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கின்றன, அறைச் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். முத்துப்பேட்டைத் தோழியும் நீடாமங்கலத்துப் பையனும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், தங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வருகிறது என்று இரண்டு பேரும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் ஊர்த் தேதியைச் சேர்த்துப் போடுங்கள்.