வானத்துக்கும் வரைபடம் வேண்டும்: லாஸ்பேட்டை விமான நிலைய விரிவாக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் விரிவாக்கம் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். ஓடுபாதையை எத்தனை மீட்டருக்கு நீட்டுவது, அதற்கு விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் எடுப்பது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. நீளம் 2,300 மீட்டர் என்று ஒரு காலத்திலும் 3,300 மீட்டர் என்று பின்னர் ஒரு காலத்திலும் சொல்லப்பட்டது. நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று லாஸ்பேட்டையில் குடியிருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் முன்பாகத் தீர்க்கப்பட வேண்டிய ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். இந்த நிலையத்தின் இறுதி வடிவம் என்ன என்பதை இப்போதே தீர்மானித்து, அதற்கு வேண்டிய வான்வெளியைப் புல எண் வாரியாக இன்றே காப்பாற்றியாக வேண்டும். நிலம் எடுப்பது பத்தாண்டு தள்ளிப்போனாலும் ஈடுசெய்யலாம். கட்டடங்கள் எழும்பி அடைத்துவிட்ட வான்வெளியை மீட்க வழியே இல்லை.

இப்போதுள்ள ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. 2013 ஜனவரியில் புதிய முனையத்திலிருந்து பெங்களூருக்கு விமானம் புறப்பட்ட நாளிலிருந்து சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்து வருகிறது. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். விமானங்களை இயக்கத் தொடங்கியது. எழுபத்தெட்டு இருக்கைகள் கொண்ட அந்த விமானத்துக்கு இந்த ஓடுபாதை போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், முழுச் சுமையோடு மேலெழும்ப அதற்குச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நீளத்தில் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்வது ஓடுபாதை வடிவமைப்பில் வழக்கமான கணக்கு. நம் ஊரின் கோடைப் பிற்பகலை 37 டிகிரி என்று வைத்தால் 1,300 என்பது 1,600-ஐத் தொடுகிறது. அதாவது, இன்று ஓடும் சிறிய விமானமே அக்னி நட்சத்திர நாட்களில் சுமையைக் குறைத்துக்கொள்ள நேரலாம். இதைவிடப் பெரிய ஏர்பஸ் 320 வகை விமானத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 2,300 மீட்டர் என்பது ஆடம்பரக் கணக்காகத் தோன்றாது.

எனினும் 2,300 மீட்டர் ஓடுபாதைக்கு 2,300 மீட்டர் நிலம் போதாது என்பதை மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கு அப்பாலும் 60 மீட்டர் பட்டை விட வேண்டும். அதற்கும் அப்பால், விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புப் பகுதியாக 240 மீட்டர் விட வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. இரண்டு முனைகளுக்கும் சேர்த்து 600 மீட்டர் ஆகிறது. மேடான நிலத்தின் மேல் அமைந்த ஓடுபாதையில் இந்தப் பகுதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 உயிர்களைக் கொடுத்துக் கற்றோம். நம் நிலையமும் செம்மண் மேட்டின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே நில எடுப்பு அறிவிப்பில் ஓடுபாதை நீளம், பட்டை, பாதுகாப்புப் பகுதி, வழிகாட்டும் விளக்கு வரிசை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டாமல் மொத்த ஏக்கரை மட்டும் சொல்வது, நிலம் கொடுப்பவரிடமும் நேர்மையாக நடந்துகொள்வதாகாது.

இனி வான்வெளிக்கு வருகிறேன். ஓடுபாதையின் முனையிலிருந்து வெளிநோக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் விரிந்து உயர்ந்துகொண்டே செல்கிறது. அந்தச் சாய்தளத்தைக் கட்டடம், மரம், கைப்பேசிக் கோபுரம் எதுவும் ஊடுருவக் கூடாது. விமானி கண்ணால் பார்த்து இறங்கும் 1,500 மீட்டர் ஓடுபாதைக்கு இந்தச் சாய்வு முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர். சாய்தளம் மூன்று கிலோமீட்டரோடு முடிகிறது. மழையிலும் மூட்டத்திலும் கருவிகளின் துணையோடு இறங்கும் ஓடுபாதை என்றால் அதுவே ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டராகத் தாழ்ந்து, பக்கவாட்டில் மேலும் விரிந்து, பதினைந்து கிலோமீட்டர் வரை நீள்கிறது. இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம். எங்கள் பகுதியில் வழக்கமாகக் கட்டப்படும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளமும் இரண்டு மாடியும், அதன் மேல் படிக்கட்டு அறை, அதற்கும் மேல் தண்ணீர்த் தொட்டி. எல்லாம் சேர்ந்து பதிமூன்றரை மீட்டர் ஆகிவிடும். சமதளம் என்று வைத்துக்கொண்டு, சாய்தளம் 60 மீட்டர் பட்டைக்கு அப்பால்தான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் வகையில் அந்த வீடு ஓடுபாதை முனையிலிருந்து 465 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். இரண்டாம் வகையில் 735 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடைப்பட்ட 270 மீட்டரில் இன்று முறையாக அனுமதி பெற்றுக் கட்டப்படும் வீடு, ஓடுபாதையின் வகை மாறும் நாளில் தடையாகிவிடும். ஓடுபாதை முனையே 800 மீட்டர் நகர்ந்தால் இன்று எந்தக் கட்டுப்பாட்டையும் கேள்விப்பட்டிராத கிராமத்து வீடுகளுக்கும் இதே நிலை வரும்.

உயரக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி விமான நிலையங்கள் ஆணையம் தடையில்லாச் சான்று வழங்குகிறது. பல ஊர்களுக்கு வண்ணமிட்ட மண்டல வரைபடங்களையும் வெளியிட்டுள்ளது. ஆனால் வருங்கால ஓடுபாதை எது என்று தீர்மானிக்கப்படாதவரை, சான்று வழங்கும் அதிகாரி எந்த முனையிலிருந்து அளப்பார்? மேலும், சான்றில் குறிப்பிடப்படுவது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உச்சி உயரம். தொட்டியும் லிஃப்ட் அறையும் ஆன்டெனாவும் அதற்குள் அடங்க வேண்டும். மனை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. ஓடுபாதையின் நேர்க்கோட்டிலும் ஓரங்களிலும் இல்லாமல் நான்கு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் மற்ற இடங்களில் வரம்பு நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டர். நிலையம் மேட்டில் இருப்பதால் கடற்கரையை ஒட்டிய தாழ்வான நகரப் பகுதிக்கு இதனால் பெரிய இடையூறு ஏற்படப் போவதில்லை. 'விமான நிலையம் பெரிதானால் நகரமே வளர முடியாது' என்ற அச்சம் ஆதாரமற்றது. இடர் முழுவதும் ஓடுபாதையின் இரு முனைகளிலும் கூம்பு போல விரியும் குறுகிய நிலப்பரப்பில்தான் இருக்கிறது. அந்தப் பரப்பைக் காப்பது பெரிய வேலையும் இல்லை; காலத்தில் செய்ய வேண்டிய வேலை.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஓடுபாதை கிழக்கு வடகிழக்கிலிருந்து மேற்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் இது ஒத்த திசை. சென்னையின் முதன்மை ஓடுபாதையும் ஏறத்தாழ இதே திசைதான். எனவே திசையை மாற்ற வேண்டியதில்லை. எந்த முனையை நீட்டுவது என்பதே கேள்வி. கிழக்கே கருவடிக்குப்பமும் கோட்டக்குப்பமும் நெருக்கமாகக் கட்டப்பட்டுவிட்டன; அவற்றைத் தாண்டினால் கடல். கிழக்கு முனையை இருக்கும் இடத்திலேயே நிறுத்தி மேற்கே மட்டும் நீட்டினால், கிழக்கில் வாழ்பவர்களுக்கு முனையின் நெருக்கம் கூடாது. ஆனால் மேற்கே நீட்டும்போது மொரட்டாண்டி வழியாகச் செல்லும் திண்டிவனம் சாலையை நெருங்குகிறோம். சாலையில் செல்லும் கண்டெய்னர் லாரியும் தடைக் கணக்கில் சேரும் என்பதைச் சாலையை அகலப்படுத்துவோரும் மேம்பாலம் வரைவோரும் அறிந்திருக்க வேண்டும்.

அதே மேற்குக் கோட்டை இன்னும் சில கிலோமீட்டர் நீட்டிப் பார்த்தால் அது ஊசுட்டேரிப் பக்கமாகச் செல்கிறது. புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது; பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. வலசைப் பறவைகள் வந்து சேரும் மாதங்களும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களும் ஒன்றே. அந்தக் காற்றில் விமானங்கள் மேற்கிலிருந்துதான் இறங்க வேண்டும். ஏரிக்குத் தீங்கு வராமல் விமானத்துக்கும் ஆபத்து வராமல் இறங்குபாதையை வகுக்க முடியும். ஆனால் அதற்குப் பறவைகள் எந்த நேரத்தில், எந்த உயரத்தில், எந்தத் திசையில் பறக்கின்றன என்ற கணக்கெடுப்பு ஓடுபாதை வரைவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். குருமாம்பேட்டைக் குப்பைக் கிடங்கும் இதனோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டுவதைத் தடை செய்யும் விதி நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. மட்கும் கழிவை அங்கே திறந்த வெளியில் சேர்க்காமல் இருப்பது சுகாதாரத் துறையின் வேலை மட்டுமாக இருந்தது போதும்.

எந்த வகைத் தரையிறக்கத்துக்குத் திட்டமிடுவது என்பதிலும் காலம் மாறியிருக்கிறது. முன்பு கருவி வழித் தரையிறக்கம் என்றால் ஓடுபாதையின் அருகே விலையுயர்ந்த கருவிகளை நிறுவியாக வேண்டும். விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன் செயற்கைக்கோள் அமைப்பின் உதவியோடு 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ஓர் ஏ.டி.ஆர். விமானம் சோதனை முறையில் இறங்கியது. சிறிய நிலையங்களுக்காகவே வந்த வசதி என்று இதைக் கருதுகிறேன். என் கணிப்பில், நல்ல கருவி வழி இறங்குபாதையோடு கூடிய 1,800 மீட்டர், வானிலை சற்று மோசமானாலே மூடிக்கொள்ளும் 3,300 மீட்டரைக் காட்டிலும் இந்த ஊருக்குப் பயன் தரும். ஐப்பசி, கார்த்திகையில் விமானம் வருமா வராதா என்று தெரியாத ஊருக்குப் பயணிகளும் வர மாட்டார்கள், நிறுவனங்களும் நிலைக்க மாட்டா.

நிலையத்துக்குள் வரப்போகும் அமைப்பு பற்றி ஒரு சொல். ஒரு நாளைக்குச் சில விமானங்களே வரும் இடத்தில் ஓடுபாதைக்கு இணையான டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து செல்லும் பாதை, இன்று தேவையில்லை. ஆனால் 320 வகை விமானம் வரும் நாளில் அதை ஓடுபாதை மையத்திலிருந்து 158 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டையில் இன்று தீயணைப்பு நிலையமோ எரிபொருள் கிடங்கோ கார் நிறுத்துமிடமோ கட்டிவிட்டு நாளை இடிக்கும் நிலை வரக் கூடாது. மழைநீரும் அப்படித்தான். மேட்டில் நீட்டப்படும் ஒவ்வொரு மீட்டர் தாரும் கீழே தண்ணீராக இறங்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கிருஷ்ணா நகரும் ரெயின்போ நகரும் பட்டதை அனைவரும் அறிவோம். நீர் தேங்கும் குளங்களும் வடிகால்களும் ஓடுபாதை வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

தூத்துக்குடியைப் பார்த்து நமக்கும் அதுபோல் வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே 1,350 மீட்டர் ஓடுபாதை 3,000 மீட்டராகி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த நிலையம் அமைந்த வாகைக்குளத்தைச் சுற்றிக் கிடைத்த வெட்டவெளி லாஸ்பேட்டையைச் சுற்றி இல்லை. நம் நிலைமை கோயம்புத்தூருக்கே நெருக்கமானது. அங்கே நில எடுப்பு பத்தாண்டுக்கும் மேலாக இழுத்தது. நமக்கோ கூடுதலாக ஒரு மாநில எல்லையும் குறுக்கே கிடக்கிறது. புதுச்சேரியின் நகர அமைப்புத் துறை ஒரு விதியைப் போட்டால் அது தமிழ்நாட்டின் வானூர் வட்டத்து ஊராட்சியைக் கட்டுப்படுத்தாது. அங்கே மனைப்பிரிவுகள் கல் நட்டு, கொடி கட்டி விற்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. வாங்குவோருக்கு வில்லங்கச் சான்றில் வான்வெளி பற்றி ஒரு வரியும் கிடைப்பதில்லை.

ஆகவே புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் விமான நிலையங்கள் ஆணையமும் ஒன்றாக அமர்ந்து இறுதி வடிவத்துக்கான வரைபடத்தை முதலில் முடிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரைபடம் 'இந்த இடத்தில் 2,300 மீட்டருக்கு மேல் இயலாது' என்று சொன்னால் அதையும் வெளிப்படையாக ஏற்க வேண்டும். எட்டாத நீளத்துக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நிலத்தை ஆண்டுக்கணக்கில் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் வைத்திருப்பது நியாயமன்று. வரைபடம் முடிந்ததும், ஒவ்வொரு புல எண்ணுக்கும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் வரை கட்டலாம் என்ற பட்டியலைத் தமிழில் தயாரித்து, புதுச்சேரி நில அளவைத் துறை அலுவலகத்திலும் வானூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இரு பகுதிகளின் பத்திரப் பதிவு அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்றுக் கட்டிய வீடு புதிய வரம்பை மீறுமானால் அந்த உரிமையாளருக்கு என்ன ஈடு, யார் தருவது என்பதும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய ஒரு சென்ட் நிலமும் எடுக்க வேண்டியதில்லை; அடுத்த மழைக்காலத்துக்குள் முடித்துவிடக்கூடிய வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.