5 நட்சத்திரம் நான் வாங்கிய காருக்கா, வேறு காருக்கா? எழுத்தில் பதில் கேட்டுப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் லெங் கீ சாலையில் உள்ள உங்கள் காட்சியறையில் என் குடும்பத்துக்காக வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் காரைப் பற்றி எழுதுகிறேன். வண்டி எண்ணும் ரசீதும் உங்கள் கணினியில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதையே கேட்டுக் காக்க வைத்தீர்கள், அதனால் இங்கே திரும்ப எழுதவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். உங்கள் விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் 5 நட்சத்திர மோதல் பாதுகாப்பு மதிப்பீடு, நான் வாங்கிய அதே வகைக்கு (ஒரே மாடலில் வசதிகள் மாறும் வேரியண்ட்) கிடைத்ததா?

பின் இருக்கையில் மகளின் கார் சீட்டை, அதைப் பூட்டுவதற்கென்று இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும்போதுதான் கவனித்தேன். பக்கக் கண்ணாடி ஓரம் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கதவுக்கு மேலே, தூண் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்ற சொல்லைப் பொறித்திருப்பார்கள். என் காரில் ஸ்டீயரிங்கிலும் முன் பயணிக்கு எதிரே டாஷ்போர்டிலும் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் விளம்பரப் படத்திலோ 6 ஏர்பேக்கும் விரிந்து நிற்கின்றன. நீங்கள் விற்கிற காரில் எத்தனை ஏர்பேக் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வரிப் பதில் போதும்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த அலைச்சல். காட்சியறையில் கேட்டால் ஊபி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். ஊபியில் தலைமை அலுவலகம் என்றார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால், காரை விற்றவரிடமே கேளுங்கள் என்கிறார்கள். தொலைபேசியில் பேசிய ஒரு பெண் மட்டும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார், அவருக்கு நன்றி. அவர் குறித்தது எங்கே போயிற்று?

ஊபி கவுன்ட்டரில் இருந்தவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்கு விடுப்பு எடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய், நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சார், மோதினால்தானே ஏர்பேக் வேணும்? மெதுவா ஓட்டுங்க" என்றார். இத்தனை பேர் முன்னால், என் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது.

மெதுவாகவா? கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் காரைப் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கம்பத்தின் மேல் மோத விடும் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். நம் புளோக்கைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே 50 வரை போகலாம். பக்கத்திலிருந்து வரும் லாரி என் வேகத்தைக் கேட்டுக்கொண்டு வராது. முன்பக்கம் மோதினால் நசுங்குவதற்கு பானெட் இருக்கிறது, பக்கவாட்டில் பிள்ளையின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. கர்ட்டன் ஏர்பேக் வைப்பதே அதற்காகத்தான். கார் விற்கிற நிறுவனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

நட்சத்திரம் எந்த ஆண்டுடையது என்பதையும் தாளில் போடவில்லை. ஃபியட் புன்டோ 2005இல் 5 நட்சத்திரம் வாங்கியது. 2017இல் திரும்பச் சோதித்தபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2020இல் யூரோ என்கேப் முன்பக்க மோதல் சோதனையையே மாற்றி, எதிரே நகர்ந்து வரும் தடுப்பைக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியாவில் அதே வேலையைச் செய்யும் ஆசியான் என்கேப் சில கார்களில் வகைக்கு வகை வேறு நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. ஆகவே எந்த அமைப்பு, எந்த ஆண்டு, எந்த வகை என்று சொல்லாத நட்சத்திரத்துக்கு மதிப்பே இல்லை.

1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளை அதற்குரிய இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். என் பங்கை நான் செய்கிறேன், உங்கள் பங்கு எங்கே? பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்க அனுமதிக்கும் வாகன உரிமைச் சான்றிதழோடு சேர்த்து ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் கொட்டிக் கொடுத்திருக்கிறேன். அத்தனையும் கடலில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி இந்தக் காரில் தீவு விரைவுச்சாலைப் பக்கமே போக விடுவதில்லை. பத்தாண்டுக்கு வாங்கிய கார் கார்பார்க்கில் கிடக்கிறது. எங்கள் வீட்டு நிம்மதியே போய்விட்டது.

சரி, சண்டை போடுவதற்காக எழுதவில்லை. தயவுசெய்து 14 நாள்களுக்குள், உங்கள் லெட்டர்ஹெட்டில், என் காரில் எத்தனை ஏர்பேக், எங்கெங்கே இருக்கின்றன, அந்த 5 நட்சத்திரம் எந்த வகைக்கு எந்த ஆண்டு கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். சோதித்த கார் வேறு, எனக்குக் கொடுத்த கார் வேறு என்றால், விளம்பரத்தில் சொன்ன வகையைத் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், அந்தக் கவுன்ட்டர் ஊழியர் என்னிடமும் என் மகளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விடப்போவதில்லை.

பதில் வராவிட்டால் கேஸ் எனும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். விவரித்தபடி இல்லாத பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது, கார்களுக்கும் அது பொருந்தும். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் வழக்கறிஞரைப் பார்ப்பேன். விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் இனி அழைக்க வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்