மாதாவை வச்சு பொண்ணுங்களை அளக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேளாங்கண்ணி திருவிழாவை ஒட்டி உங்க பேப்பர்ல ஆன்மிகப் பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன். கொடியேத்தம், தேர் பவனி, காவி கட்டி நடந்து வர்றவங்க பத்தியெல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தார், கடைசி பத்தியில வந்து மொத்தத்தையும் கெடுத்துட்டார். கன்னிமைதான் ஒரு பொண்ணுக்கு இருக்கற பெரிய சொத்து, அதைக் காப்பாத்துறவதான் மாதாவோட உண்மையான பிள்ளை, இதுதான் கத்தோலிக்க போதனைன்னு முடிச்சிருக்கார். பங்குல ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்கறவ நான், இதை சும்மா விட மனசு வரல. இது திருச்சபை போதனை இல்லீங்க, நம்ம ஊரு கற்பு பேச்சுக்கு மாதா சேலையைக் கட்டி விட்டிருக்கார், அவ்வளவுதான்.

மாதா கன்னின்னு நாங்க விசுவசிக்கிறோம், அதுல மாத்துப் பேச்சே கிடையாது. பிள்ளைப்பேறுக்கு முன்னாடியும், பேறு நேரத்துலயும், அதுக்கு அப்புறமும் கன்னின்னுதான் ஆதிகாலத்துல இருந்து சொல்லிட்டு வர்றோம். ஆனா அது எதுக்குன்னு கேக்கணும்ல? 1992ல வந்த, திருச்சபை போதனையையெல்லாம் தொகுத்துச் சொல்ற கத்தோலிக்க மறைக்கல்வி நூல்ல இதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, அதைப் படிச்சா தெளிவா புரியும், இயேசு மனுஷனா வந்தது மனுஷ முயற்சியால இல்ல, கடவுளோட சொந்த விருப்பம், அதுக்கு அடையாளம்தான் மாதாவோட கன்னிமை, அப்புறம் அவங்க விசுவாசத்துக்கும் அது அடையாளம். அதாவது அது இயேசு யாருங்கறதைப் பத்தின போதனை. பக்கத்து வீட்டு பொண்ணு யாரு எப்படின்னு விசாரிக்கறதுக்கு குடுத்த போதனை இல்ல.

தாய்மை விஷயமும் இப்படித்தான். கி.பி. 431ல எபேசு நகரத்துல ஆயர்கள், அதாவது பிஷப்புகள், சங்கமா கூடினப்போ சண்டையே இதுலதான் ஆரம்பிச்சது, கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியஸ் மாதாவை கிறிஸ்துவின் தாய்னு சொன்னா போதும், கடவுளின் தாய்னு சொல்லக் கூடாதுன்னார், அலெக்சாந்திரியா ஆயர் சிரில் விடவே இல்ல, அவ பெத்த பிள்ளை ஒரே ஆள், அந்த ஆள் கடவுள், அப்போ அவ கடவுளோட தாய்தான்னு நின்னு ஜெயிச்சார். நாம இன்னைக்கு ஒரு ஜெபமாலையில 53 தடவை அருள் நிறைந்த மரியே சொல்றோமே, அதுல இறைவனின் தாயேன்னு கூப்பிடுறோம், கன்னின்னு ஒரு இடத்துல கூட வராது, வேணும்னா மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

இன்னொண்ணு, கூட்டத்துல ஒரு அம்மா இயேசுவைப் பாத்து உங்களைச் சுமந்த வயிறு பேறுபெற்றதுன்னு கத்துறாங்க, லூக்கா 11வது அதிகாரம். இயேசு ஆமாம்மான்னு தலையாட்டிட்டுப் போயிருக்கலாம். கடவுளோட வார்த்தையைக் கேட்டு அதும்படி நடக்கறவங்க அதைவிட பேறுபெற்றவங்கன்னார். ஆதித் திருச்சபையோட பெரிய மறைவல்லுநர் புனித அகுஸ்தீன் 401 வாக்குல கன்னிமை பத்தி எழுதினப்போ இதையேதான் பிடிச்சுக்கிட்டார், மாதா கிறிஸ்துவை வயித்துல சுமந்ததை விட மனசுல விசுவாசத்தால சுமந்ததுதான் அவங்களுக்குப் பெரிய பாக்கியம்னு. கன்னிமையைப் புகழ்றதுக்குன்னே உக்காந்து எழுதின புத்தகத்துல இப்படி எழுதியிருக்கார், அதான் விசேஷம்.

அதே அகுஸ்தீன்தான் 410ல ரோமாபுரி சூறையாடப்பட்டதுக்கு அப்புறம் எழுதினதையும் கட்டுரையாளர் கொஞ்சம் படிக்கணும். கோத் படை உள்ள புகுந்து பெண்களைச் சீரழிச்சது, அதுல துறவு வார்த்தைப்பாடு குடுத்த கன்னியரும் இருந்தாங்க. பழைய ரோம்ல லுக்ரேஷியான்னு ஒரு பொண்ணை, பலாத்காரத்துக்கு அப்புறம் கத்தியால குத்திக்கிட்டு செத்தாங்கறதுக்காகவே தலையில தூக்கி வச்சு கொண்டாடுவாங்க. நம்மாளுங்களுக்கும் இந்த மாதிரி கதை ரொம்பப் பிடிக்கும். அகுஸ்தீன் நேரா கேட்டார், அவ தப்பே பண்ணலைன்னா எதுக்கு சாகணும்? மனசு சம்மதிக்காதப்போ அடுத்தவன் பண்ண பாவம் இவ உடம்புல ஒட்டாது, கற்பு மனசுல இருக்கற புண்ணியம், அதை யாராலயும் பறிக்க முடியாது, உயிரோட இருந்த நம்ம பெண்கள் எந்த விதத்துலயும் குறைஞ்சவங்க இல்லன்னார். 1,600 வருஷம் ஆச்சு. இன்னும் நம்ம தியானக் கூட்டங்கள்ல இழந்துட்டா வராதுன்னு மைக்ல கத்திக்கிட்டு இருக்காங்க.

கிளாஸ்ல ஒரு பொண்ணு ஒருநாள் மெதுவா கேட்டா, "டீச்சர், ஒருத்தன் கெடுத்துட்டா மாதா அந்தப் பொண்ணை மகள்னு சொல்லுவாங்களா?" யாரைப் பத்திக் கேக்குறான்னு நான் துருவல. நல்லா சொல்லுவாங்க, முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். உங்க கட்டுரையை அந்த மாதிரி ஒரு பொண்ணு படிச்சா என்ன ஆகும்னு எழுதினவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாரா தெரியல.

இங்க உடனே இத்தாலி புனிதை மரிய கொரெற்றியைக் கொண்டு வருவாங்க, தெரியும். 1902ல 11 வயசுக் குழந்தை, பலாத்காரம் பண்ண வந்தவன் கத்தியால பல தடவை குத்திட்டான், மறுநாள் ஆஸ்பத்திரியில இறந்துட்டா, 1950ல புனிதர் பட்டம். பிரசங்கத்துல இவ உடம்பைக் காப்பாத்த உயிரைக் குடுத்தாங்கற பாதியை மட்டும் சொல்லுவாங்க. சாகுறதுக்கு முன்னாடி அவனை மன்னிச்சுட்டா, அவன் ஜெயில்ல மனசு மாறி, பிற்பாடு அவ அம்மாகிட்டயே வந்து மன்னிப்பு கேட்டான், அந்த அம்மாவும் மன்னிச்சாங்க, இந்தப் பாதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. உயிர் தப்பின பொண்ணு அவளை விட மட்டம்னு அந்தப் புனிதப் பட்டத்துக்கு அர்த்தமே இல்ல.

ஒரு பக்கமா பேசினா நானும் அந்தக் கட்டுரையாளர் மாதிரி ஆயிடுவேன். திருச்சபை கன்னிமையை உயர்வா பேசினது உண்மைதான், 1563ல திரிதெந்து நகரத்துல கூடின திருச்சபை சங்கம், கடவுளுக்காக கன்னிமையில இருக்கறது திருமணத்தை விட மேலானதுன்னே சொல்லியிருக்கு. ஆனா அதே அமர்வுலதான் திருமணம் ஒரு அருள்சாதனம், அதாவது கடவுளோட அருளைத் தர்ற புனிதச் சடங்குன்னும் அழுத்தமா சொன்னது. அங்க பேசுற கன்னிமை, ஒருத்தர் தன் இஷ்டத்தோட கடவுளுக்குன்னு குடுக்கறது, ஆணுக்கும் பொண்ணுக்கும் பொது. புனித எரோணிமுஸ் ஒருபடி மேல போய், திருமணத்தை நான் புகழ்றேன், ஏன்னா அதுலதான் எனக்கு கன்னியர் கிடைக்கிறாங்கன்னு எழுதி வச்சார். மகா மேதை, பைபிளை லத்தீன்ல குடுத்தவர், ஆனா இந்த வரியை அவரைப் பெத்த அம்மா படிச்சிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பாங்க.

அந்த மனப்பான்மைக்கு நல்ல பதில் பிரான்ஸ்ல அலென்சோன் ஊர்ல இருந்த லூயி மார்ட்டின், செலி மார்ட்டின் தம்பதி. புனித குழந்தை இயேசுவின் தெரேசாவோட அப்பா அம்மா. ரெண்டு பேருமே துறவியாகணும்னு ஆசைப்பட்டு நடக்காம 1858ல கல்யாணம் பண்ணாங்க, பண்ணியும் அண்ணன் தங்கச்சி மாதிரியே சுமார் பத்து மாசம் வாழ்ந்தாங்க, அப்புறம் பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியார் ஒருத்தர்தான் இது வேண்டாம்னு எடுத்துச் சொன்னார். 9 பிள்ளை பெத்தாங்க, நாலு சின்னதுலயே போயிடுச்சு, மிச்ச அஞ்சு பொண்ணும் சிஸ்டர் ஆனாங்க. செலி வீட்டுல லேஸ் தொழில் நடத்தி ஆள் வச்சு வேலை வாங்கினவங்க, மார்புப் புத்துநோயில 1877ல இறந்தாங்க. 2015ல ரெண்டு பேருக்கும் சேர்ந்தே புனிதர் பட்டம் குடுத்தாங்க. கல்யாணம் ரெண்டாம் தரம்னா இது எப்படி நடக்கும்?

தாய்மைன்னா பெத்தவங்க மட்டும்தான்னும் கிடையாது. 1988ல போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் பெண்களோட மாண்பு பத்தி எழுதின மடல்ல, பிள்ளை பெறாத துறவியருக்கும் ஆன்மிகத் தாய்மை உண்டு, பெத்த தாய்க்கும் அது வேணும்னு சொல்றார். வேளாங்கண்ணியில தொட்டில் கட்டிட்டு அழுற பொண்ணுங்களை எல்லாரும் பாத்திருப்பீங்க, வருஷா வருஷம் கட்டியும் மடி நிறையாதவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போய் தாய்மைதான் பெண்ணுக்கு முழுமைன்னு சொல்றவங்களுக்கும் இந்த லெட்டர் சேரட்டும். அங்க நம்ம பாரம்பரியத்துல மாதா எப்படி வந்தாங்க? கைக்குழந்தைக்குப் பால் வேணும்னு ஒரு பையன்கிட்ட கேட்டு வந்தாங்க. யாரு கன்னி யாரு மலடின்னு விசாரிக்க வரல.

கடைசியா ஒரு கேள்வி. அதே மறைக்கல்வி நூல் திருமுழுக்கு வாங்கின எல்லாருக்கும் கற்பு கடமைன்னு சொல்லுது, கட்டுரை முழுக்க பொண்ணுங்களுக்குத்தான் அட்வைஸ், பசங்களுக்கு ஒரு வரி கூட காணோம், பக்கத்துல இடம் பத்தலையா?

டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சப்ளிமென்ட் போடுவீங்கல்ல, அதுல மத்தேயு முதல் அதிகாரத்துல வர்ற வம்ச அட்டவணை பத்தி யாரையாவது எழுத வைங்க. மாதாவுக்கு முன்னாடி அதுல நாலு பெண்கள் வர்றாங்க, தாமார், இராகாபு, ரூத்து, அப்புறம் உரியாவின் மனைவி. மாமனார்கிட்ட பிள்ளை பெத்தவ, எரிக்கோவுல விலைமாதா இருந்தவ, வேத்து நாட்டு விதவை, அரசன் ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போன அடுத்தவன் மனைவி. யாரும் எழுத கிடைக்கலைன்னா நானே எழுதித் தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
தூத்துக்குடி.